கேட்கிறது, கேட்கிறது

கல்லூரியில் தத்துவம் படித்த காலத்தில் பௌத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரான காஞ்சிபுரத்தில் பழைய புத்தர் சிலைகள் அங்கங்கே உண்டு. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை புத்தர் வழியில் போனதுதான் தெருவுக்கு அதிசயம்.

கூடத்தில் அப்பாவின் குழித்தறி; தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். பின்னறையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். ஒலி வந்தால் அதன் பின்னால் போகாதே, 'கேட்கிறது, கேட்கிறது' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு விட்டுவிடு. இதுதான் பயிற்சி. தறி ஓயாத வீட்டில் பயிற்சிக்குக் குறைவில்லை.

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் சேலைக்கு, வலப்பக்கம் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடம் என்னுடையது. நான் அங்கிருந்து எழுந்து பின்னறைக்குப் போனதும் அப்பா கேலியை ஆரம்பிப்பார்.

"சாமி! போதிமரம் எங்கியும் ஓடிப்பூடாது. இங்க இழை அறுந்துகினு இருக்குது, வந்து புடி!"

குறித்துக்கொள்வேன். அவரும் சிரித்துவிட்டு, இரண்டு பக்கமும் தானே எட்டி எட்டி நெய்வார்.

ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். தறி நின்றது. அப்பா கூப்பிட்டார்.

"தம்பி... கொஞ்சம் வாப்பா."

சாமி என்று சொல்லவில்லை. குரலில் கேலி இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. கேட்கிறது, கேட்கிறது. மறுபடியும் கூப்பிட்டார். நான் எழவில்லை. பிறகு வீடு முழுக்க அமைதி. அதுவரை போகாத ஆழத்துக்கு அன்று போனேன். மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடத்துக்கு வந்தபோது அப்பா நெய்த பட்டின்மேல் கவிழ்ந்திருந்தார். கால்கள் குழிக்குள். வலது கை நான் உட்காரும் பக்கமாக நீண்டிருந்தது. உயிர் இல்லை.

"நீ வூட்லதானடா இருந்த?" என்று அம்மா கேட்டாள்.

"தியானத்துல இருந்தேம்மா. காதுல விழல."

நம்பினாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அழுகையின் நடுவே, "அவன் உக்காந்துட்டா இடி வுழுந்தாலும் தெரியாதுமா, அப்பேர்ப்பட்ட புள்ள" என்றாள். தன் கடைசிக் காலம் வரை அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறையும் திருத்தவில்லை.

புத்தர் சொன்ன தம்மத்தின்மேல் குற்றமில்லை. எல்லா உயிர்களிடமும் அன்பாயிரு என்பதும் அதில்தான் இருக்கிறது. எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். என் அமைதியை மட்டும் அப்பாவுக்காகக்கூட விடவில்லை.

இன்றும் காலையில் உட்காருகிறேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. அது நின்றால் அந்தக் குரல் வந்துவிடுகிறது. செருப்புகூடப் போடாமல் எழுந்துபோய் அந்த வீட்டு வாசலில் நிற்கிறேன்.

"இன்னா பெரியவரே, ஒரு டீ குடிக்க வுடமாட்டீங்களா?" என்று தறிக்காரர் சிரிக்கிறார்.

"ஒண்ணுமில்லப்பா. நீ குடி."

அவர் குடித்துமுடித்துத் தறியில் இறங்கி நாடாவைத் தள்ளும்வரை அங்கேயே நிற்கிறேன்.