யார் கைப் பருப்பு

பக்கத்து வீட்டுல கரண்டி தட்டுற சத்தத்தை வெச்சே, இன்னைக்கு அங்க செத்துப்போனவங்கள்ல யார் சமைக்கிறாங்கன்னு நான் சொல்லிடுவேன். சிரிக்காதீங்க. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர்தான். ரெண்டு தட்டு தட்டினா, முடிவெட்டுறவரோட பொண்டாட்டி. சட்டி விளிம்பைச் சுத்திக் கரண்டியால வழிச்சா, டீச்சரோட அம்மா. மூடியைத் தூக்கி டங்குன்னு வெச்சா, அது பூக்கடைக்காரரோட அக்கா. மூணு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. அடுப்பு முன்னாடி நிக்கிறது என்னவோ என் சிநேகிதிதான்.

அவளை எல்லாரும் நாக்குன்னுதான் கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரிச் சமையக்கட்டுல உப்பில்லாச் சாப்பாடு அவ பொறுப்பு. நான் அதே இடத்துல பாத்திரம் தேய்க்கிறவ. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? அவ அந்தப் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி வார்டுலருந்து திரும்புற தட்டுல பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். அதை வழிச்சுக் கொட்டுறதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சுடும். இவ வந்தா. வெங்காயத்தைத் தோலோட நெருப்புல சுட்டுப் போட்டா. இறக்குறப்போ ரெண்டு சொட்டு வினிகர் விட்டா. காளானைக் காயவெச்சு இடிச்சுத் தூவினா. உப்பு இல்லைங்கிறதையே நோயாளிங்க மறந்துட்டாங்க, தட்டெல்லாம் வழிச்சுத் துடைச்சுத் திரும்பி வந்துச்சு. என் இடுப்பைக் காப்பாத்தின புண்ணியவதி. அதனாலதான் அவ என்ன கூத்தடிச்சாலும் நான் கூடவே போனேன்.

கூத்து ஆரம்பிச்சது முடிவெட்டுறவர் வீட்டுலதான். ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகளுக்குச் சவரம் பண்ண எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவர் அவர். பொண்டாட்டி தவறினதுலருந்து ஆள் பாதியாயிட்டார். ஒருநாள் சமையக்கட்டு வாசல்ல நின்னு, "அவ போட்ட அதே சாமானைத்தான் போடுறேன், கறி மட்டும் அவ கறி மாதிரி வரமாட்டேங்குது"ன்னு சொன்னார்.

நாக்கு கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டா. "அவங்க போய் எவ்வளவு நாளாச்சு?"

"அதை எதுக்குங்க கேக்குறீங்க?"

"ஆள் போனாலும் கை கொஞ்ச நாள் சமையக்கட்டுலயே இருக்கும். ரொம்ப நாளானா அதுவும் போயிடும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர்கிட்ட பேசுற பேச்சா இது. ஆனா அவர் உடனே கூட்டிட்டுப் போயிட்டார்.

அவ டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பான்னு நினைச்சேன். எதையும் தொடல. சமையக்கட்டு நடுவுல சும்மா நின்னா. அப்புறம், "இந்த வீட்டுல காப்பி யார் குடிப்பா?"ன்னா. யாரும் குடிக்கிறதில்லைன்னார். உப்பு ஜாடிக்குப் பக்கத்துல காப்பித்தூள் டப்பா இருந்துச்சு, உள்ள ஒரு குட்டிக் கரண்டியோட. "குடிக்காத வீட்டுல உப்புக்குப் பக்கத்துல காப்பிக்கு என்ன வேலை? கறியில போட்டிருக்காங்க"ன்னா. இடத்துக்குப் பொருந்தாத சாமான் எதுவோ அதுதான் ரகசியம், அவ்வளவுதான் அவ வித்தை. இதை யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம். அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிக்கல.

கறி கொதிக்கிறப்போ அவ கரண்டியை இடது கையில எடுத்தா. அவ சோத்துக்கைக்காரி, எனக்குத் தெரியும். இடது கையால கிண்டி, விளிம்புல ரெண்டு தட்டு தட்டினா. நிலைப்படியில நின்ன மனுஷன் அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டார். "அவ இடது கைக்காரிங்க, இப்படித்தாங்க தட்டுவா"ன்னார். அவர் அழுதுக்கிட்டே சட்டியைக் காலி பண்ணார்.

சேதி பரவாம இருக்குமா? அடுத்து டீச்சர் வந்தாங்க. அவங்க அம்மா, ஆரஞ்சுத் தோலை அடுப்புக்குப் பின்னாடி காயவெச்சு மீனுல கிள்ளிப் போட்டிருக்காங்க. பூக்கடைக்காரரோட அக்கா, பீன்ஸ் வேகுற தண்ணியில கசப்பா டீ வடிச்சு ஊத்தியிருக்கா. அப்புறம் இன்னும் சில வீடு. ஒவ்வொரு வீட்டுக்குப் போயிட்டு வந்ததும் அந்தச் சாமானை வாங்கி இவ தன் அலமாரியில வெச்சுக்குவா. ஏண்டின்னு கேட்டா, "இல்லாட்டி கை பரபரங்குதுடி"ன்னா.

அப்பதான் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மாற ஆரம்பிச்சுது. ஒரு நாள் ரெண்டு தட்டு, ஒரு நாள் வழிக்கிற சத்தம், ஒரு நாள் டங்கு. அவ புருஷன் லாரி ஓட்டுறவர், எப்பவாவதுதான் வீட்டுக்கு வருவார். ஒரு தடவை வந்தப்போ ஒரு வாய் வெச்சுட்டு, "இன்னைக்கு யார் வந்து சமைச்சது?"ன்னு வேடிக்கையாத்தான் கேட்டார். அடுத்த தடவை கேக்கல. அவ இடது கையையே பார்த்துக்கிட்டுச் சாப்பிட்டு முடிச்சார், விடியுறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

"போதும்டி, விட்டுடு. இருக்கிறவங்களை விட்டுட்டுப் போனவங்களுக்கு வேலை செய்யாதே"ன்னு நான் சண்டையே போட்டேன்.

"அழுதுக்கிட்டே சாப்பிடுறாங்களேடி. அதைப் பார்த்தப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?"ன்னு கேட்டா.

அவளுக்கு ஒரே மக. வெளியூர்ல துணிக் கம்பெனியில வேலை. வயித்துல ஆபரேஷன் பண்ணி, எலும்பும் தோலுமா அம்மா வீட்டுல கொண்டுவந்து விட்டாங்க. வாயைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாத்தான் புண்ணு ஆறும், இல்லாட்டி திரும்பப் படுக்கவெச்சுக் குழாய் போடணும், அதை இந்த உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மக எதையும் தொடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "சின்னப்பிள்ளையில வெப்பியேம்மா, அந்தப் பருப்பு வெச்சுக் கொடு."

பருப்புதானே, இவளுக்கு அது ஒரு வேலையான்னு நான் என் வீட்டுல உக்காந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு தட்டு கேட்டுச்சு.

மக ஒரு கரண்டி வாயில வெச்சுட்டு, "இது நீ இல்லம்மா"ன்னா. மறுநாள் வழிக்கிற சத்தம். "இதுவும் நீ இல்ல." அதுக்கு மறுநாள் டங்குன்னு மூடி. மக முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டா. "யாரோ எனக்குத் தெரியாதவங்க ஊட்டுற மாதிரி இருக்கும்மா. பயமா இருக்கு."

நாக்கு என் வீட்டு வாசப்படியில வந்து உக்காந்தா. "என் பருப்பு எனக்கே மறந்துபோச்சுடி. கையை நீட்டினா அவங்க கைதான் வருது. என் பிள்ளை என் கண்ணு முன்னாடி பட்டினி கிடந்து போயிடுவாடி." ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொன்னவனை அன்னைக்கு யாராவது கூட்டிட்டு வந்திருந்தா, நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்தப் பருப்பை நான் சாப்பிட்டதில்ல. நான் இங்க குடிவந்தது மக வளர்ந்தப்புறம்தான். சரி, ஊர் வீட்டுல இவ செய்யறதை இவ வீட்டுல நான் செஞ்சு பார்க்கிறேன்னு போனேன். சமையக்கட்டு நடுவுல நின்னேன். அலமாரியைப் பார்த்தேன். காப்பித்தூள் முடிவெட்டுறவர் வீட்டுது. ஆரஞ்சுத் தோல் டீச்சர் வீட்டுது. டீத்தூள் பூக்கடை வீட்டுது. எல்லா வீட்டுக்கும் கூடப் போனவ நான், எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணா ஒதுக்கிக்கிட்டே வந்தேன். கடைசியில அலமாரியில ஒண்ணுமே மிச்சமில்ல. அவ வீட்டுல அவளோடதுன்னு ஒரு டப்பா இல்ல.

எனக்கு அவளை மாதிரி ருசி பார்க்கிற நாக்கு கிடையாது. பாத்திரம் தெரியும். கழுவுற தொட்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன். மூலையில ஒரு சின்ன அலுமினியச் சட்டி, நசுங்கிப்போய்க் கவுந்து கிடந்துச்சு. நிமிர்த்தினா உள்ள ஒரு பக்கமா கறுப்புக் கறை. நகத்தால சுரண்டினேன், அசையல. ஒரு நாள் தீஞ்ச சட்டியை ஊறவெச்சுத் தேய்ச்சா வெள்ளையாயிடும். இது தினமும் ஒரே இடத்துல தீஞ்சு, உலோகத்துக்குள்ளயே இறங்கின கறை.

சட்டியை மககிட்ட காட்டினேன். வந்ததுலருந்து அன்னைக்குத்தான் அவ சிரிச்சா.

"இதேதான் அத்தை. அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் பருப்பை ஏத்துவாங்க. திரும்பவும் போயிடுவாங்களோன்னு நான் உள்ளருந்து கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். வந்து பக்கத்துல படுத்துக்குவாங்க. தீஞ்ச வாசனை வந்தப்புறம்தான் எந்திரிச்சு ஓடுவாங்க."

"அப்புறம் அந்தப் பருப்பை என்ன பண்ணுவா?"

"மேல பிரெட் ஓரத்தைப் போட்டு மூடிடுவாங்க. தீஞ்ச வாடையை அது இழுத்துக்குமாம். அதுவும் பருப்போட கரைஞ்சுடும்."

நோயாளிகளுக்கு பிரெட்டை ஓரம் வெட்டித்தான் கொடுப்போம். வெட்டின ஓரத்தை வேலைக்காரங்க நாங்க பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வருவோம். எடுபிடியா இருந்த காலத்துல நாக்கும் எடுத்துட்டு வந்தவதான்; பெரிய சமையக்காரி ஆனப்புறம் அவளுக்கு முழு பிரெட்டே வரும், ஓரத்தை அவ மறந்தே போயிட்டா. என் வீட்டுல இன்னைக்கும் ஒரு பை தொங்குது.

"அடிப்பிடிக்க விடு, அவ்வளவுதான்"ன்னு அவகிட்ட சொன்னேன்.

என்னை மலங்க மலங்கப் பார்த்தா. "தீய விடுறதா? கை விடாதுடி. அவங்கள்ல ஒருத்தி கூடப் பருப்பைத் தீயவிட்டவ இல்ல."

பட்டப்பகல். ஜன்னல் வழியா வெயில் அடுப்பு மேலயே விழுந்துச்சு. அந்தச் சட்டியில பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு ஏத்தினா. கொதி வந்ததும் இடது கை தானா அடுப்புத் திருகுக்குப் போச்சு, தீயைக் குறைக்க. மணிக்கட்டைப் பிடிச்சேன். எனக்கு இரும்புச் சட்டி தூக்கிப் பழகின கை. என்னால அதை அசைக்க முடியல. அடுப்பு முன்னாடி நிக்கிறவளோட கை ஜில்லுன்னு இருந்துச்சு.

"கூப்பிடும்மா உன் அம்மாவை"ன்னு அறைப் பக்கம் கத்தினேன்.

"அம்மா"ன்னு மக கூப்பிட்டா. இவ திரும்பல. தெருவுல யாரோ யாரையோ கூப்பிடுறாங்கங்கிற மாதிரி நின்னா. மக திரும்பக் கூப்பிட்டா, குரல் உடைஞ்சு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்களே, கை என் பிடிக்குள்ள தளர்ந்துச்சு. அவ கரண்டியைக் கீழ வெச்சுட்டு உள்ள போனா.

நான் மட்டும் அடுப்புகிட்ட. தண்ணி சுண்டி, பருப்பு கெட்டியாச்சு. தீ தானாக் குறைஞ்சுது. காத்து இல்ல, திருகைத் திருப்பி ஏத்தினேன். திரும்பவும் குறைஞ்சுது. பார்த்துக்கிட்டே இருக்கேன், திருகு மெதுவாத் திரும்புது. என் பின்கழுத்துல மூச்சு படுது, ஒருத்தியோடது இல்ல, பல பேரோடது. காப்பி வாடை, ஆரஞ்சு வாடை. பயந்துதான் போனேன். ஆனா பயம் வந்தா எனக்குக் கோபமும் சேர்ந்து வந்துடும்.

"தள்ளி நில்லுங்கடி"ன்னேன். "உங்க வீட்டுல உங்க பிள்ளைங்க வயிறார சாப்பிட்டாச்சு. இது இவ பிள்ளைக்கு." திருகை ஏத்தி, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. அடியில முதல்ல ஒரு சின்ன வெடிப்புச் சத்தம், அப்புறம் தீஞ்ச வாசனை. அந்த நிமிஷம் கழுத்துல பட்ட மூச்சு நின்னுபோச்சு. பிரெட் ஓரத்தைப் பரப்பி மூடினேன்.

உள்ள கொண்டுபோனப்போ அம்மாவும் மகளும் ஒட்டிப் படுத்திருந்தாங்க. மக வாசனை பிடிச்சே எந்திரிச்சு உக்காந்துட்டா. ஒரு வாய் வெச்சா. கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு. "இதுதாம்மா. இது நீதான்." நிறுத்தாம சாப்பிட்டா. பிள்ளை பிழைச்சுக்குவான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, நானும் கூட நின்னு அழுதேன்.

நாக்கு மக தட்டுலருந்து ஒரு துளி தொட்டு வாயில வெச்சுக்கிட்டா. கண்ணை மூடி, எந்த வீட்டுலயும் பண்ற மாதிரி, மெதுவாப் புரட்டிப் பார்த்தா. முகம் மலர்ந்துச்சு.

"நல்ல கைடி"ன்னா என்கிட்ட. "கொஞ்சம் அவசரக்காரி. ஆனா பிள்ளை மேல உசிரையே வெச்சிருந்திருக்கா." சட்டியை எட்டிப் பார்த்துட்டு, மரியாதையாக் குரலைத் தணிச்சுக் கேட்டா. "அந்தம்மா போய் எவ்வளவு நாளாச்சு?"

மக கையில கரண்டி அப்படியே நின்னுடுச்சு. "நீ சாப்பிடும்மா"ன்னு மட்டும் மககிட்ட சொன்னேன். சட்டியை எடுத்துட்டுப் போய்க் கழுவினேன், அந்தக் கறையைத் தேய்க்கல.