முத்துசுவாமி சார் எழுதிய ‘உண்டு’

கடைக்காரன் மறுபக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து, அங்கே விற்பனைக்கு இருக்கும் அம்மிக்கல்லின் மேல் முத்துசுவாமி சார் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பழைய கண்மருந்துக் குப்பி. சொட்டு மேலேயே நிற்கிறதா, உள்ளே இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறார். கோயில் படி, பேங்க் வாசல், ஏலப்பாறையில் மகள் ஜானவி வீட்டுத் துவைக்கிற கல், எதையும் அவர் விட்டதில்லை. பாலக்காட்டுக் கல் எதுவும் தண்ணீர் குடிக்காது, அது அவருக்கும் தெரியும். கை சும்மா இருந்தால்தானே! “குடிக்கற கல்லுதான் கல்லு. மத்ததெல்லாம் வெறும் கனமாக்கும்,” என்பார்.

அவர் பிழைப்பே கல்லின் தாகத்தை அளப்பதுதான். முப்பத்தைந்து வருஷம் எண்ணெய் நிறுவனங்களில் பாறை பார்த்தவர். பூமிக்கடியில் எண்ணெய் குளம் மாதிரி கிடக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். “குளமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மணற்பாறையில மணல் மணிக்கும் மணிக்கும் நடுவில இடுக்கு இருக்கோன்னோ, அதுலயாக்கும் எண்ணெயும் வாயுவும் ஒளிஞ்சிண்டிருக்கறது!” ஓய்வு பெற்றபின் கல்பாத்தி வீட்டு மாடிதான் ஆபீஸ். எங்கோ வடக்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துளைத்தெடுத்த, இருபத்தைந்து கோடி வருஷத்து மணற்பாறை, கட்டைவிரல் தடிமனில் உருளையாக, கூரியரில் வந்து சேரும். உருப்பெருக்கியால் பார்த்து, எண்ணெய் தேங்கும் பாறையா இல்லையா என்று அறிக்கை எழுத வேண்டும்.

எழுதுவார். ஆனால் ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ மட்டும் எழுத மாட்டார். “வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை, மேலும் ஆய்வு அவசியம்.” அவ்வளவுதான். தோண்டி எண்ணெய் வந்தால் அன்றைக்கே சொன்னேனே என்பார். வராவிட்டாலும் அன்றைக்கே சொன்னேனே என்பார். முதலமடை மாந்தோப்புக்காரர் ஆறுமுகசாமி ஒருமுறை காரனுப்பி அழைத்துப்போய், “ஏனுங்க சார், இங்க போர் போட்டாத் தண்ணி வருமுங்களா, வராதுங்களா? ஒரே வார்த்தை சொல்லீட்டுப் போங்க!” என்று கெஞ்சினார். சார் இரண்டு மணி நேரம் தோப்பைச் சுற்றினார், நான்கு மாம்பழம் சாப்பிட்டார், மறுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். சாம்பாரில் உப்பு போதுமா என்று மனைவி பர்வதம் கேட்பதையே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

இப்படிப்பட்ட மனுஷருக்கு இந்தச் சித்திரையில் வந்தது சோதனை. கல் அனுப்பும் வடோதரா நிறுவனத்தின் புது மேலாளர் ரிஜின், கொல்லங்கோட்டுப் பையன், போனில் மரியாதையாகவே கழுத்தைப் பிடித்தான். “சாரே, அடுத்த கிணறு தோண்டணுமா வேண்டாமான்னு மேலே கேட்கிறாங்க. இந்தத் தடவை மறுப்பதற்கில்லை எல்லாம் வேண்டாம். உண்டு, இல்லை, ரெண்டில் ஒண்ணு.” சாரின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. மழுப்பினால் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கியது.

ஏலப்பாறையில் மகளோடு பத்து நாள் இருந்துவிட்டு வந்தவருக்கு மேஜைமேல் கல் காத்திருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு புற ஊதா விளக்கைக் காட்டினார். எண்ணெய் இருந்தால் அந்த விளக்கில் பாறை ஒளிரும். ஒளிர்ந்ததே! இளநீலமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக! மூக்கருகே கொண்டுபோனார், கொரோனாவில் போன வாசனை திரும்பி வராத மூக்கு அது, ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு பொய் சொல்லுமா? ஆய்வகத்துக்கு அனுப்பினால் மூன்று வாரம். வாழ்க்கையில் முதல்முறையாக எழுதினார்: ‘உண்டு.’ அனுப்பியும் விட்டார். அன்று மத்தியானம் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வீடியோ கூட்டம். புதுச் சட்டை போட்டுக்கொண்டே, “கேட்டயோடீ, கல்லுக்குள்ள எண்ணெய் இருக்கு! ஒண்ணாந்தரம்!” என்றார். பர்வதம் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஏன்னா, கோவிச்சுக்காதேங்கோ. அது நல்லெண்ணெய்.”

அவர்கள் வீட்டில் பஞ்சாயதன பூஜை. ஐந்து தெய்வத்துக்கும் ஐந்து கல்தான் உருவம். அதில் சிவனுக்கான பாணலிங்கம் விண்டுபோய்விட்டது. நர்மதையில் கிடைப்பதை அனுப்புகிறேன் என்று வடோதராவிலிருக்கும் அவள் அண்ணா ஹரிநாராயணன் சொல்லியிருந்தான். வடோதராவிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே வழுவழுவென்று உருளைக்கல். வேறென்ன நினைப்பாள்? அவர் ஊரில் இல்லாத பத்து நாளும் அவளே கூடத்தில் வைத்து எண்ணெய் அபிஷேகம் செய்திருக்கிறாள். பதினோராம் நாள் அண்ணாவின் பெட்டி வந்தபோதுதான் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு, இதைத் துடைத்துப் பேசாமல் மாடியில் வைத்துவிட்டாள்.

“துடைச்சா தெரியாதுன்னு இருந்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், விட்ட எண்ணெய் பூரா உள்ளே குடிச்சுடுத்து. சாமிதான் ஏத்துக்கறார்னு நான் அழுதே போய்ட்டேன்!”

சாருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. முப்பத்தைந்து வருஷம் காப்பாற்றிய பெயர் போகப் போகிறதே! ஆனால் கை பழகிய வழியில் போயிற்று. பத்து நிமிஷத்தில் ஒரு வாக்கியம் தயார்: “இம்மணற்பாறை எண்ணெயை ஏற்கும் தன்மை நேரடிச் சோதனையில் நிரூபணமாகியுள்ளது.” ஒரு பொய் உண்டா இதில்? படித்துப் பார்த்தார். அவருக்கே பிடித்துப்போயிற்று.

கூட்டத்தில் ரிஜின் முகமெல்லாம் பல். “சாரே, திங்கட்கிழமை கிணறு தோண்டற ரிக் கிளம்புது. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாமான்னு மேலே ஒருத்தர் கேட்டார். ஞான் சொன்னேன், முப்பத்தஞ்சு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு தடவைகூட உண்டுன்னு எழுதினது இல்லை, இப்போ எழுதியிருக்கார், வேறென்ன சோதனை வேணும்னு. எல்லாரும் கை தட்டினாங்க சாரே!” திரையில் பெட்டி பெட்டியாகத் தெரிந்த முகங்கள் மறுபடியும் கைதட்டின. “எண்ணெய் எங்கிருந்து வந்து சேர்ந்ததுன்னு மட்டும் சார் ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

சார் காகிதத்தைக் கையில் எடுத்தார். “இம்மணற்பாறை...” என்று ஆரம்பித்தார். மறுபடி, “இம்மணற்பாறை...” என்றார். ரிஜின் நோட்டில் எழுதிக்கொள்ளத் தயாராகக் குனிந்திருந்தான்.

“ஒரு நிமிஷம்,” என்று எழுந்தார். மாடிப்படி இறங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுக்களையில் பர்வதம், “என்ன தேடறேள்?” என்று விசாரிப்பதும் காதில் விழுந்தது. திரும்பி வந்தவர், கல்லைக் கேமராவுக்கு முன்னால் வைத்தார். அதற்குப் பக்கத்தில் பாதி காலியான நல்லெண்ணெய்ப் பாட்டிலை வைத்து, லேபிள் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவிட்டார்.