வலை நூல் கலந்த கான்கிரீட்

புயலில் உடைந்த மீன் காயவைக்கும் தளத்தைத் திரும்பக் கட்ட, கோவளம் குப்பத்துக்கு ஓவர்சியராகப் போயிருந்தேன். அங்கே ஒரு சித்தாள் அம்மா, உடைந்த தளத்தையே சுத்தியலால் ஜல்லியாக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. கிழிந்த நைலான் வலையை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கலவையில் தூவினார்.

"குப்பையெல்லாம் கலக்கக் கூடாது. புது ஜல்லி வர்ற வரைக்கும் வேலைய நிறுத்துங்க" என்றேன்.

"எப்போ வரும் சார்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அதுவரிக்கும் மீன உன் ஆபீஸ்லயா காய வெக்கிறது?"

போன மாதம் நூல் கலந்து ஒன்றும் கலக்காமல் ஒன்றுமாக வார்த்த இரண்டு கான்கிரீட் பலகைகளைச் செங்கல்மேல் வைத்து, சம்மட்டியை என்னிடம் நீட்டினார். "நீயே அடிச்சிப் பாரு."

நூல் இல்லாதது ஒரே அடியில் இரண்டாகப் போனது. நூல் கலந்தது நாலாவது அடியில் விரிசல் விட்டது, ஆனால் பிரியவில்லை. விரிசலுக்குள் நூல்கள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா விதியில இதுக்கு இடமில்லம்மா."

"அப்போ நீ எழுதாத. நாங்க போட்டுக்கிறோம்" என்று கலவைக்குத் திரும்பிவிட்டார்.

செங்கல்பட்டு ஆபீசில், வேலையை நிறுத்தச் சொன்னதாக எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான். அவர் நிறுத்தவில்லை என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.