குப்பைக்கீரையும் மதாமின் கொப்பியும்

தோட்ட வேலைக்கு எங்களை ஏற்றிப் போகிற வானில் இருந்தவர்கள்: ஓட்டுகிற தம்பி. அவருக்குப் பக்கத்தில் மாமி; வயதில் மூத்தவ, எல்லாருக்கும் மாமி. பின்னால் மாமியின் மருமகள். இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் கதைப்பார்கள். கணவனின் படிப்புக்காக வந்திருந்த சென்னைப் பெண். ஒரு பஞ்சாபிப் பெண். எங்கள் பாஷை தெரியாது, சிரிப்பாள். கடைசி சீட்டில் மண்வெட்டிகளோடு நான்.

விடிய, நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மூலைக்கடை வாசலில் ஏறுவோம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊரைத் தாண்டி, பாலம் கடந்தால் தோட்டம். கரட், பீற்றூட், முட்டைக்கோவா. தம்பிதான் ஆள் சேர்ப்பவர். பிரெஞ்சு தெரிந்தவரும் அவர்தான். அவர் சொல்வதுதான் எங்களுக்கு மதாம் சொன்னது. நாங்கள் சொன்னதாக மதாமுக்குப் போவதும் அவர் சொல்வதுதான்.

எனக்கு அப்போது ஐம்பது. வீட்டில் நானும் மகளும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அந்த வானில் இடம் போனால் எனக்கு வேறு வேலை இல்லை.

மதாம் தோட்டத்துக்குச் சொந்தக்காரி. கிழவி. தன் மனிசனின் ரப்பர் சப்பாத்தைத்தான் போடுவா. நாங்கள் போய் இறங்கும்போது கோழிக்குத் தீன் போட்டு முடிந்திருக்கும். கொடியில் உடுப்புக் காயும். பாண் சுடுகிற வாசம் வரும். மத்தியானம் வாசற்படியில் குந்தி, கறுப்பு மட்டை போட்ட கொப்பியைத் திறப்பா. எங்களைப் பார்ப்பா. எழுதுவா. பிறகும் பார்ப்பா.

"அக்கா, நம்மளப் பத்திதான் எழுதுறாங்க," என்றாள் சென்னைப் பெண். "நேத்து நான் ரெண்டு தடவை பாத்ரூம் போனேன். ரெண்டு தடவையும் பேனா ஆடிச்சு."

"உன்ர மூத்திரத்தை எழுத அவவுக்கு என்ன விசரே?" என்றா மாமி. ஆனால் அன்றைக்குப் பின் மாமியும் கொப்பி திறந்திருந்தால் இளைப்பாறக் குந்த மாட்டா.

நானும் எழுதுகிறவள்தான். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் கலண்டர் குசினிச் சுவரில் தொங்கும். சோறு வேகும்போது அந்த நாளின் கட்டத்தில் ஒரு வரி எழுதுவேன். மழை. கரட். மகளுக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடி மாதத்துக் கட்டங்களில் அடிக்கடி 'இடுப்பு நோ' என்று எழுதியிருந்தேன். அதை யாருக்கும் வாயால் சொல்லவில்லை.

பீற்றூட் வரிசைகளில் குப்பைக்கீரை தானாக முளைக்கும். மதாமுக்கு அது களை. பிடுங்கி எறியத்தான் எங்களுக்குச் சம்பளம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மீன் இறைச்சி இல்லை, மரக்கறிதான். ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் ஆளுக்கொரு பை கீரை வீட்டுக்குப் போகும். பஞ்சாபிக்காரிக்கும் அந்தக் கீரை தெரியும். புதன்கிழமை பிடுங்கினால் வாடிவிடும். அதனால் ஒரு புதன்கிழமை வாய்க்கால் ஓர வரிசையில் இளங்கீரையைத் தொடாமல் விட்டேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அதுக்கு இரண்டு நாள் முன், திங்கட்கிழமை, தம்பி வான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "அக்காவுக்கு இடுப்பு நோவாமே?"

"ஆர் சொன்னது?"

"சும்மா கேட்டனான்."

முந்தின ஞாயிறு மாமி என் வீட்டுக்கு வந்திருந்தா. குசினியில் கலண்டருக்கு முன்னால் நின்றுதான் தேத்தண்ணி குடித்தா. நான் மாமியின் கழுத்தைப் பார்த்தேன். அவ திரும்பவில்லை. தம்பியின் மச்சாள் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம். வேலை தேடுகிறாள் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அதையும் யோசித்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் வான் கதவடியில் மதாம் நின்றா. கையில் கொப்பி.

"பையளைக் காட்டட்டாம்," என்றார் தம்பி.

"என்ன, நாங்கள் கள்ளரே?" என்றா மாமி. "குப்பைக்கும் கஸ்டம்ஸ் வைக்கிறாவோ?"

மதாம் ஒவ்வொரு பையாகக் கையை விட்டுத் துழாவினா. பீற்றூட் இருக்கும் என்று நினைத்திருப்பா. கீரைதான் வந்தது. மூக்கில் வைத்து மணந்து பார்த்தா. முகம் மாறவில்லை. பிறகு கொப்பியை வானின் முன்மூடியில் விரித்தா. நான் எட்டிப் பார்த்தேன். எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு நாளுக்கு ஒரு வரிதான் இருந்தது. முன்னால் ஒரு இலக்கம், வெக்கையின் அளவாக இருக்கும். பிறகு நாலைந்து சொல். என் கலண்டர் போல. பக்கம் பக்கமாக எங்களைப் பற்றி எழுதியிருக்கிறா என்றல்லவா நினைத்திருந்தோம்.

மதாம் வாய்க்கால் பக்கம் கை காட்டி ஏதோ கேட்டா.

"அந்த வரிசை ஆரின்ரை எண்டு கேக்கிறா," என்றார் தம்பி.

"என்ரை."

"ஏன் களையை விட்டனீங்கள் எண்டு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுங்கோ. சமைக்கிறதுக்கு விட்டனான்."

"அதை நான் எப்பிடிப் பிரெஞ்சில சொல்லுறது?"

"நான் சொன்னதைச் சொல்லுங்கோ, தம்பி."

அவர் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். நடுவில் அவருடைய கை அவருடைய இடுப்பில் போய் நின்றது. மதாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தா. தலையை ஆட்டினா. பையை என் கையிலே திருப்பித் தந்தா. அன்றைய வரியை எழுதினா.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"நீங்கள் சொன்னதைத்தான். ஏறுங்கோ அக்கா, நேரம் போகுது."

 வழியில் மாமி ஒருக்கால் இருமினா. இறங்கும்போது "நாளைக்கு வாறன்," என்றேன். "ஓம் ஓம்," என்றார் தம்பி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

விடிய எழும்பி, கீரையைக் கடைந்து, சோற்றோடு கட்டிக்கொண்டு மூலைக்கடை வாசலில் நின்றேன். வான் வந்தது. சிவப்பு விளக்கில் நின்றது. மாமி என் பக்கம் பார்த்தா, பிறகு மடியைப் பார்த்தா. கடைசி சீட்டில், என் இடத்தில், மண்வெட்டிகளோடு புதுத் தொப்பி போட்ட ஒருத்தி. பச்சை விழுந்தது. வான் போனது.

வீட்டுக்கு வந்தேன். கலண்டரைக் கழற்றி அலுமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டினேன். அன்றைய கட்டத்தில் எழுதினேன்.

வெயில். வான் ஏற்றவில்லை. உள்ளே ஆறு பேர்.