பழுப்புக் கறை

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் புகையக்கா. புதிதாக வருகிறவர்கள் சிகரெட் பிடிக்கிறவளோ என்று ஒரு மாதிரி பார்ப்பதுண்டு. விஷயம் அதுவல்ல. பூமி பிறந்த புதிதில், காற்றில் ஆக்சிஜன் என்ற பேச்சே இல்லாத காலத்தில், வெயில் என்னென்ன வேலை பார்த்திருக்கும் என்பதுதான் அவளுக்குப் படிப்பு, பிழைப்பு, பைத்தியம் எல்லாம். புற ஊதாக் கதிர் அப்போது கேட்பாரற்றுக் கீழே இறங்கியது. காற்றிலிருந்த மீத்தேனைப் பிய்த்துப் போட்டது. பிய்ந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, புகைபோல வானத்தை மூடியிருக்கலாம். அந்தப் புகை கடலில் விழுந்து உயிருக்கு முதல் சரக்காக ஆகியிருக்குமோ? இதைப் பார்க்கத்தான் குடம் அளவு எஃகுக் கலத்தில் அந்தக் காலத்துக் காற்றைக் கலந்து அடைத்து, சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கைப் போட்டுவிட்டுக் காத்துக்கிடந்தாள்.

கூடவே காத்துக்கிடந்தவள் அவள் தோழி. விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி, ஒருத்தி செருப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு நெருக்கம். அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது, "வெளியில எதுக்குத் தேடறீங்க?" என்று இவள்தான் தோழியைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் "வாங்க அண்ணி", ஆய்வுக்கூடத்தில் "வாடி, போடி".

ஒருநாள் கலத்துக்குள் வைத்திருந்த கண்ணாடித் தட்டில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. நன்றாகக் கெட்டியான கறை. இருவருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் வெளியே சொல்லுமுன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. மீத்தேனை விட்டுவிட்டு வெறும் நைட்ரஜனை அடைத்து அதே விளக்கைப் போட வேண்டும். தட்டு சுத்தமாக இருந்தால்தான், முதலில் வந்தது மீத்தேன் புகை என்று நம்பலாம். அந்த நேரம் பார்த்து அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தவளுக்கு அண்ணி போன் செய்தாள்.

"தட்டு பளிச்சுனு இருக்குடி. நீ அத்தையப் பாத்துக்கோ, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கட்டுரை இருவர் பெயரிலும் அச்சானது. கருத்தரங்கில் கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அண்ணியின் தற்காலிக வேலை நிரந்தரமானது. வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள், "எங்களுக்கு அந்தக் கறை வரவே மாட்டேங்குதே" என்று கேட்டபோதுகூடப் புகையக்கா கலங்கவில்லை. கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்பை எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று மெக்கானிக்கை வரச்சொன்னாள். அவர் மூடியைக் கழற்றியதும் உச்சுக்கொட்டினார்.

"இன்னும் இதே பம்ப்பா மேடம்? எண்ணெய் ஆவி உள்ள போயி தட்டெல்லாம் கறையாவுது, என்ன செய்யலாம்னு அந்த மேடம் அப்பவே கேட்டாங்களே. எண்ணெயே இல்லாத பம்ப்பா மாத்துங்கன்னு சொன்னேன்."

"எப்ப கேட்டாங்க?"

"நீங்க லீவுல இருந்தீங்க. அம்மாவுக்கு ஆபரேஷன்னாங்க."

அவர் போனதும் தானே கலத்தைத் துடைத்து, வெறும் நைட்ரஜனை அடைத்து விளக்கைப் போட்டாள். தட்டை வெளியே எடுத்தபோது அதே பழுப்பு. பம்ப் எண்ணெயின் ஆவியை விளக்கு சுட்டுத் தீய்த்திருந்தது. ஆதிகால வானம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு.

அண்ணி மறுக்கவில்லை. "இன்டர்வியூ பக்கத்துல வந்துருச்சுடி. நீயும் அத்தனை ஆசையா இருந்தே. சொல்ல மனசு வரல."

"மனசு வரலையா, வாய் வரலையா? என்னை மேடையில ஏத்திவிட்டு கீழே உக்காந்து நீயும் கைதட்டினியே!"

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாளே அண்ணன் வந்து நின்றான். "ஊருக்கெல்லாம் தெரியணுமா? பின்னால சரிபண்ணிக்கலாம்னுதான் அவளும் அப்பவே சொன்னா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்பவேன்னா? உனக்குத் தெரியுமா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பேரு எங்கயோ போகப்போகுது பாரு" என்று தோளைத் தட்டியவன் இவன்தான். தோழி செய்ததைவிட இதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பம்ப் எண்ணெய் கலந்துவிட்டது என்று காரணம் எழுதினாள். யார் மறைத்தார்கள் என்று எழுதவில்லை. அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அவசரக்குடுக்கை என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் புகையக்காவைத்தான் பேசினார்கள்.

புதுப் பம்ப் வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தமுறை வெறும் நைட்ரஜன் தட்டில் எதுவுமே இல்லை. மீத்தேன் சேர்த்த தட்டில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மெல்லிய மஞ்சள் படலம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் நிஜம். தன் பெயரில் மட்டும் எழுதி அனுப்பினாள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

மருமகள் ஏன் வருவதே இல்லை என்று அம்மா கேட்டால், வேலை அதிகமாம் என்கிறாள். அண்ணன் மட்டும் விடுமுறை நாட்களில் அம்மாவைப் பார்க்க வருகிறான். டீ போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் உள்ளறைக்குப் போய்விடுவாள். வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருகிறாள்.