அலைச் சத்தம் கேட்காத அறை

குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோகிலவாணிக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில்தான் படம் வரையும் ஆசை ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை தபித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்வமுள்ள பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது எஸ்டேட் சரிவில் உட்காரவைத்து வரையச் சொல்வார். மற்றவர்கள் பைக்காரா வரை போனார்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய தூரத்துக்கு அப்பால் கோகிலா மட்டும் தூரிகை எடுத்ததில்லை.

வீட்டில் அப்பா பொன்னுத்துரை. இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அம்மா போனபிறகு அவருக்கு நினைவு கலையத் தொடங்கியது. பகலில் பக்கத்து வீட்டு மாரியாயி பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் மகள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் நின்று கத்துவார். கோகிலாவின் கல்யாணப் பேச்சு எப்போது நின்றுபோனது என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை.

போன வருடம் தபித்தாள் குழு பாம்பன் தீவுக்குக் கிளம்பியது. நான்கு நாள், கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைவது. பந்தலூரிலிருக்கும் தம்பி ஜெகதீசன், "நீ போயிட்டு வாக்கா. நான் லீவு போட்டுட்டு வந்து பாத்துக்கறேன். அப்பா கேட்டா வீட்டுலதான் இருக்கேன்னு ஃபோன்ல சொல்லு, போதும்" என்றான்.

முதல் நாள் காலை, கடலைப் பார்த்தபடி மணலில் பலகையை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் காகிதத்துக்குக் கிளிப் போட்டு, நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தபோதே ஃபோன் வந்துவிட்டது.

"புள்ள, எங்க நிக்கிற?"

"அடுப்படியிலதான்ப்பா."

"என்னா சத்தம் அது?"

"மழைப்பா."

அவர் கத்தினார். "இது மழையில்ல. கப்பல்ல ஏத்திட்டானுங்களா? எறக்கிவிடச் சொல்லு புள்ள. அம்மாவ இன்னும் காணோம்."

ஜெகதீசன் ஃபோனை வாங்கினான். "அக்கா, அழறாரு. சத்தமில்லாத எடத்துக்குப் போய்ப் பேசு."

எல்லாவற்றையும் மணலில் போட்டுவிட்டு லாட்ஜுக்கு ஓடினாள். அறையின் ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் அலை கேட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். பாத்திரம் புழங்கும் சத்தம் கேட்கட்டும் என்று தண்ணீர்க் குவளையால் குழாயைத் தட்டினாள்.

"தேத்தண்ணி போடுறேன்ப்பா."

"ஆங்" என்றார் அவர். "சீனி கூடப் போடு."

அதன்பிறகு அவள் பகலெல்லாம் அந்தக் குளியலறையில்தான். எப்போது கூப்பிடுவார் என்று தெரியாததால் அறையை விட்டு நகர முடியவில்லை. ஃபினாயில் வாடை தலையைப் பிடித்தது. சாயங்காலங்களில் மற்றவர்கள் வராந்தாவில் படங்களைக் காயவைப்பார்கள், விதவிதமான கடல்கள். "உன்னுது எங்க கோகிலா?" என்று தபித்தாள் கேட்டால், "தலைவலிங்க டீச்சர்" என்பாள்.

கிளம்பும் நாள் காலை, அவள் ஃபோனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போனாள். கடல் உள்வாங்கியிருந்தது. படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. கடல் நீலமே இல்லை, பாசிப்பச்சை. அதைப் பார்த்தபடி வரைந்தாள். ஈர வண்ணத்தின்மேல் காற்று மணலை வாரி இறைத்தது. துடைக்காமல் அப்படியே விட்டாள்.

திரும்பி வந்து ஃபோனைப் போட்டபோது தம்பியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"அப்பா ரோட்டுக்கு எறங்கிட்டாருக்கா. வளைவுல ஒரு பஸ் டிரைவர்தான் பாத்து நிறுத்தி உக்கார வெச்சாரு. முட்டியில தோலு உரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல." பிறகு சொன்னான்: "இனி என்னால முடியாதுக்கா. கோச்சுக்காதே."

அவளுக்குக் கோபமில்லை. அவன் குரலில் இருந்த அலுப்பு அவளுக்குப் பழகியதுதான்.

வீட்டுப் படியேறியபோது, ஃபேக்டரியிலிருந்து திரும்புகிறவளைக் கேட்பதுபோல, "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் அப்பா. அவள் முட்டியில் போட்டிருந்த கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து போட்டாள். வலிக்கிறதென்று அவளைத் திட்டினார்.

இந்த வருடம் தபித்தாள் லட்சத்தீவுக்கு ஆள் சேர்க்கிறார். "நீங்க போயிட்டு வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். மணல் ஒட்டிய அந்த ஒரு படம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் மனதில் வருவது கடல் அல்ல. அன்று வரைந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அப்பாவின் நினைப்பே தனக்கு வரவில்லை என்பதுதான். அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் இன்னொரு முறை அப்படியொரு காலை கிடைக்காதா என்றுதான் இருக்கிறது.