சரஸ்வதிக்கு முன்னால் வைத்த படம்

நோர்வேயில், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஏழாவது மாடியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. சரஸ்வதி பூசைக்குப் படிக்கிறதையெல்லாம் கும்பத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார் அம்மா. தமிழ்ப் புத்தகம், கணக்குக் கொப்பி, அவற்றின் மேல் வகுப்புக்காக நான் எழுதிய புறொஸ்யெக்ட், செயல்திட்டக் கொப்பி. அட்டையில் நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்க மேடைப் பாடகி ஒருத்தியின் படம். தலையில் இறகு, விரலில் சிகரெட், தொடைவரை தெரியும் கால்.

தேவாரம் பாடும்போது அப்பாவின் அக்கா, என் மாமி, மட்டும் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தொண்டை சரியில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

படத்தை முதலில் கண்டவர் மாமியின் கணவர். “மேடையிலை ஆடித் திரிஞ்சவளுக்கும் பூசையோ?” என்று சிரித்தார். மாமி புறொஸ்யெக்டைக் கையில் எடுத்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்த அவருக்கு நொஸ்க், நோர்வே மொழி, நன்றாகத் தெரியும். கடைசிப் பக்கம்வரை வாசித்தார். பிறகு என் கன்னத்தில் அறைந்தார்.

குரலைக்கூட உயர்த்தாத மாமி. நான் அழவில்லை, அழ வேண்டும் என்பது உடனே நினைவுக்கு வரவில்லை. அப்பா போய்ப் பல்கணிக் கதவைச் சாத்தினார். பிள்ளையில் கை வைத்தால் பார்னவார்ன் என்ற சிறுவர் பாதுகாப்பு அலுவலக அதிகாரிகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியவர்கள் இரகசியமாகக் கதைப்பது எங்களுக்கு எப்போதும் தெளிவாகவே கேட்கும். கற்பூரம் எரிந்து முடிந்தது. பிறகு, பள்ளிக்கூடத்தில் சொல்லாதே என்று அம்மா என் காதில் கெஞ்சினார்.

மறுநாள் விஜயதசமி. புத்தகங்களைத் திருப்பி எடுத்தபோது புறொஸ்யெக்டைக் காணவில்லை. பின்னேரம் மாமி அதைக் கொண்டுவந்தார். லிப்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கடைசிப் பக்கத்தை விரித்தார்.

“கலியாணத்துக்குப் பிறகு இவ பாடவே இல்லையோ?”

“இல்லை மாமி. புருசனுக்கு விருப்பமில்லையாம்.”

அந்த வரியில் விரலை வைத்தார். “நாளைக்கு வகுப்பிலை நான் அடிச்சதைச் சொன்னாலும் பரவாயில்லை. இதைக் கட்டாயம் சொல்லு.”

வகுப்பில் அந்த வரியைச் சொன்னேன். அடியைச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் மாமி ஓர் இசைக்குழுவில் பாடியவர், கலியாணத்தோடு நிறுத்தப்பட்டவர் என்பதை அவருடைய செத்தவீட்டில்தான் கேள்விப்பட்டேன். அன்று லிப்டடியில் அவருடைய குரல் அடைத்ததை மட்டுமே கவனித்தேன். பழைய தொண்டை வருத்தம் என்று நினைத்து, ஜக்கெட் பையில் கிடந்த இருமல் மிட்டாயை நீட்டினேன்.

மாமி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.